2014-இல் விற்ற முதல் காருக்காக இப்போது அழைப்பாணை: நான் என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தின் சுருக்கம்: காவிரி டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுத் தருகிறேன். 2002-இல் வங்கிக் கடனில் புதிதாக ஒரு வெள்ளை மாருதி 800 வாங்கினார். அவருடைய குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் அவர்தான். மகளைப் பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னைக்கு அழைத்துப் போனதும், தந்தையைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அந்தக் காரில்தான். மனைவியின் அறுவை சிகிச்சைச் செலவுக்காக 2014-இல் அதைப் பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு 55,000 ரூபாய்க்குக் கொடுத்தார். முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்படைத்தார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. "மாற்றச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. யார் ஓட்டினாலும் புத்தகத்தில் என் பெயர்தானே இருக்கிறது என்பது உள்ளுக்குள் ஓர் ஆறுதலாகவே இருந்தது" என்று எழுதுகிறார்.

2017-இல் பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்தபோது, புதுப்பிப்பதற்காக அந்தக் கடைக்காரர் காரோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இவரும் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பித் தந்திருக்கிறார். பிறகு கார் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. சென்ற ஆண்டு புறவழிச்சாலையில் அது இருசக்கர வாகனம் ஒன்றில் மோதி, 34 வயதுக் கொத்தனார் ஒருவர் இறந்துவிட்டார். காருக்குக் காப்பீடு இல்லை என்கிறது காவல்துறை. இறந்தவரின் மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் ஆகிய நால்வரும் 45 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டுத் தொடுத்திருக்கும் வழக்கில் காரை ஓட்டியவர் முதல் எதிர்மனுதாரர், நம் ஆசிரியர் இரண்டாம் எதிர்மனுதாரர். "கார் என்னைவிட்டுப் போய்ப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான் எப்படிப் பொறுப்பாவேன்? காவல் நிலைய வளாகத்தில் அந்தக் காரைப் பார்த்தேன். என் மனைவி ஒட்டிய சிறிய பிள்ளையார் இன்னும் அதன் முகப்பில் இருக்கிறார். பதிவு என் பெயரில் இருப்பதால் நானே மனுப்போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எடுக்கலாமா? அதை விற்றதே தவறோ என்று இரவெல்லாம் தோன்றுகிறது" என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு துயரங்கள் கலந்திருக்கின்றன. முதல் காரை மனமில்லாமல் பிரிந்த துயரம் ஒன்று. உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் அதே காரால் உயிரிழந்த துயரம் மற்றொன்று. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தால்தான் சரியான முடிவுக்கு வர முடியும். எனவே கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனைவியின் சிகிச்சைக்காகக் காரை விற்றதில் எந்தத் தவறும் இல்லை. அந்த விற்பனை சட்டப்படி முழுமையாக நடந்து முடியவில்லை என்பதுதான் இன்றைய சிக்கலுக்குக் காரணம்.

பெயர் மாறாத வரை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 2(30), எவருடைய பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே அதன் உரிமையாளர் என்கிறது. வாங்கிய விலையைக் கொடுத்தவர் யார், சாவி யாரிடம் இருக்கிறது, பெட்ரோல் போடுபவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்த வரையறையில் இடமில்லை. சிறுவர் பெயரில் உள்ள வாகனம், தவணைக் கொள்முதலில் உள்ள வாகனம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 50 இருவருக்கும் தனித்தனியாகக் கடமை விதிக்கிறது. படிவங்களில் கையெழுத்திட்டு வாங்கியவரிடம் கொடுத்ததோடு உங்கள் கடமை முடிந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் படிவம் 29 என்பது நீங்கள் அலுவலகத்துக்குத் தர வேண்டிய அறிவிப்பு. அது கடைக்காரரின் மேசை இழுப்பறையில் கிடந்த வரை, நீங்கள் யாருக்கும் எதையும் அறிவித்ததாக ஆகாது.

உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில், பதிவு உரிமையாளர் விற்ற வாகனம் அடுத்தடுத்துப் பல கைகளுக்கு மாறியிருந்தது, ஒவ்வொருவரும் தாம் வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்கள், காப்பீடும் இல்லை. 2018 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. விபத்தில் குடும்பத்தலைவரை இழந்தவர்கள், வாகனம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற தடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. அந்தக் கொத்தனாரின் மனைவியின் இடத்திலிருந்து பார்த்தால் இந்தச் சட்டநிலையின் நியாயம் உங்களுக்கும் புரியும். ஆகவே "விற்றுவிட்டேன்" என்ற ஒரே வாதத்தை நம்பி நீங்கள் இந்த இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால், அந்தக் குடும்பத்துக்கு எதிராக அது நிற்காது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017-இல் 15 ஆண்டுக் காலம் முடிந்ததோடு உங்கள் உரிமையும் தானாகக் காலாவதியாகிவிட்டது என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. முடிவது பதிவுச் சான்றின் செல்லுபடிக்காலம் மட்டுமே. பதிவேட்டிலிருந்து உரிமையாளரின் பெயர் அதனால் நீங்காது. அதோடு, அந்த ஆண்டு புதுப்பித்தலுக்காக நீங்கள் இட்ட கையெழுத்து, விற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும் உங்களை உரிமையாளர் என்று நீங்களே சொல்லிக்கொண்ட ஆவணமாக இருக்கிறது. அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைக் கொண்டுவந்து காட்டும்போது அவர் முதன்முறையாகத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிடக் கூடாது.

ஒப்பந்தத்தின் பயன்

அப்படியானால் 2014-இல் எழுதிய ஒப்பந்தத்தால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதன் பயன் கடைக்காரருக்கு எதிராகத்தான். நீங்கள் அனுப்பியிருக்கும் நகலில், "இன்று முதல் இவ்வாகனத்தால் ஏற்படும் விபத்து, வழக்கு, அபராதம் அனைத்திற்கும் வாங்குபவரே பொறுப்பு" என்ற வரி இருக்கிறது. பழைய வண்டி விற்பவர்கள் வழக்கமாக எழுதும் வரிதான். ஆனாலும் அது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 124-இன்படி ஓர் ஈட்டுறுதி, அதாவது உங்களுக்கு வரும் இழப்பை ஈடுசெய்வதாக அவர் தந்த உறுதி. தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி நீங்கள் ஒரு தொகையைக் கட்ட நேர்ந்தால், அதைக் கடைக்காரரிடமிருந்து திரும்பப் பெற வழக்குத் தொடுக்கலாம். உங்களுக்கு இழப்பு உண்மையில் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அதற்கான காலவரையறை. எனவே மூல ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். கடைக்காரரையும், அவரிடமிருந்து காரைப் பெற்றவரையும் இதே வழக்கில் கூடுதல் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கும்படி மனுத்தாக்கல் செய்யலாம். அவர்களை விசாரிக்காமல் முழுச் சுமையும் உங்கள் மீது விழுவதைவிட, விற்பனை நடந்தது என்ற உண்மை இந்த வழக்கின் ஆவணங்களிலேயே பதிவாவது பிற்காலத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

நண்பர்கள் சொன்ன இரண்டு யோசனைகள்

அழைப்பாணையை வாங்க மறுத்துவிடுங்கள், பதில் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். வாங்க மறுத்தாலும் அழைப்பாணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படும். நீங்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அதில் உங்கள் ஒப்பந்தமும் இருக்காது, கடைக்காரரின் பெயரும் இருக்காது, தொகையைப் பற்றி உங்கள் தரப்பில் ஒரு கேள்வியும் கேட்கப்பட்டிருக்காது. அதை நீக்கக் கோரிப் பிறகு மனுப்போடலாம் என்றாலும், தெரிந்தே வராமல் இருந்தவருக்கு அந்த நிவாரணம் எளிதில் கிடைக்காது. எதிருரை, அதாவது உங்கள் தரப்பு எழுத்துப் பதில், தாக்கல் செய்வது எதையும் ஒப்புக்கொள்வது ஆகாது.

வீட்டை உடனே மகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள் என்பது இரண்டாவது யோசனை. இது முதலாவதைவிட ஆபத்தானது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது, பணம் பெற வேண்டியவருக்குச் சேர வேண்டியதைத் தடுக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் சொத்து மாற்றத்தைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 53-இன்கீழ் ரத்துச் செய்யக் கோரலாம். அப்போது உங்கள் மகளும் வழக்கில் இழுக்கப்படுவார். 38 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து சேர்த்த நற்பெயருக்கும், நீதிமன்றத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்புக்கும் அந்த ஒரே பத்திரம் ஊறு செய்துவிடும். நீங்கள் அஞ்சுவதைப் போல உங்கள் ஓய்வூதியத்துக்கும் ஆபத்தில்லை: உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், பிரிவு 60-இன்படி அரசு ஓய்வூதியத்தைப் பற்றுகை (ஜப்தி) செய்ய முடியாது. வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. இழப்பீட்டுத் தொகையை நில வருவாய்ப் பாக்கியைப் போல வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதனால்தான் முதல் நாளிலிருந்தே வழக்கை நடத்துங்கள் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சிறைக்குப் போக வேண்டியிருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்ற வழக்கு ஓட்டியவர் மீதுதான். காப்பீடு இல்லாத வாகனத்தை ஓட்டினாலும், ஓட்ட அனுமதித்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 196-இன்கீழ் தண்டனை உண்டு. ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரை நீங்கள் ஓட்ட அனுமதித்தீர்கள் என்று காட்டுவது எளிதன்று; அங்கேயும் அந்த ஒப்பந்தம்தான் உங்களுக்குத் துணை. காவல்துறை கேட்டால், காரை யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்பதை எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள்.

45 லட்சம் என்ற தொகை

மனுவில் கேட்கப்பட்டிருக்கும் தொகையும் தீர்ப்பாயம் வழங்கும் தொகையும் ஒன்றல்ல. இறந்தவரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000 ஆகும். சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750, ஆண்டுக்கு 1,89,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள்; 34 வயதுக்கு அது 16. ஆக 30,24,000 ரூபாய் வருகிறது. இதோடு இறுதிச் சடங்கு, உறவின் இழப்பு போன்ற தலைப்புகளில் சில தொகைகளும், மனுத்தாக்கல் நாளிலிருந்து வட்டியும் சேரும். 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்குமுறை இது. வருமானத்துக்கு என்ன ஆதாரம், விபத்தில் இருசக்கர வாகனத்தின் பங்கு ஏதேனும் உண்டா, தலைக்கவசம் இருந்ததா என்பவற்றைப் பொறுத்துத் தொகை குறையக்கூடும். இந்தக் கேள்விகளைக் கேட்பது இறந்தவரை அவமதிப்பது ஆகாது. உங்கள் வழக்கறிஞர் கேட்டே ஆக வேண்டியவை அவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், காப்பீடு உண்மையிலேயே இல்லையா என்று உறுதிசெய்யுங்கள். காரில் தாள் இல்லை என்பதாலேயே பாலிசி இல்லை என்று எழுதிவிடுவது உண்டு. வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டுப் பாருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை நகலைப் பெறுங்கள். கடைக்காரரிடமும் அடுத்தவரிடமும், யார் பெயரிலாவது மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தார்களா என்று வழக்கறிஞர் அறிவிப்பு மூலம் கேளுங்கள். விபத்து நாளில் செல்லுபடியான ஒரு பாலிசி, உங்கள் பெயரிலோ அவர்கள் பெயரிலோ இருந்திருந்தால் நிலைமை அடியோடு மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 157-இன்படி வாகனம் கைமாறும்போது காப்பீடும் உடன் மாறியதாகக் கருதப்படுகிறது. பதிவு உரிமையாளர் பெயரிலேயே பாலிசி தொடர்ந்த ஒரு வழக்கில், வாகனத்தை அவர் விற்றிருந்தபோதிலும், காப்பீட்டு நிறுவனமே இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓட்டியவரிடம் உரிமம் இல்லாவிட்டால், நிறுவனம் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க முற்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காவல் நிலையத்தில் நிற்கும் கார்

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்தது இந்தக் கேள்வியைத்தான். மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. உங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாகத் தம் சொந்தக் காரில் ஏறிய வண்டி அது. மழையிலும் வெயிலிலும் வழக்குச் சொத்தாக அது துருப்பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது எளிதல்ல. பதிவு உங்கள் பெயரில் இருப்பதால், வாகனத்தை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரிப் குற்றவியல் விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் நீங்கள் மனுப்போடலாம் என்பது உண்மைதான்.

ஆனால் அந்த மனுவில், "நானே இதன் உரிமையாளர், என்னிடம் ஒப்படையுங்கள்" என்று நீங்கள் உறுதிமொழி அளிக்க வேண்டும். ஒரு நீதிமன்றத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் தீர்ப்பாயத்தில் "2014-லேயே விற்றுவிட்டேன்" என்று எதிருரை தாக்கல் செய்ய முடியாது. செய்தால், கடைக்காரரின் வழக்கறிஞர் முதலில் நீட்டும் காகிதம் அந்த மனுவின் நகலாகத்தான் இருக்கும். 2017-இல் இட்ட கையெழுத்துக்கு விளக்கம் சொல்லிவிடலாம். அழைப்பாணை வந்த பிறகு இடும் கையெழுத்துக்கு விளக்கம் சொல்வது மிகக் கடினம். மேலும், காப்பீடு இல்லாத வாகனம் மரணத்தை ஏற்படுத்திய வழக்கில், பிணைத்தொகை கட்டாமல் அதை விடுவிப்பதற்குத் தடையும் வரலாம்.

எனவே என் ஆலோசனை: வேண்டாம், குறைந்தது இப்போது வேண்டாம். அந்தப் பிள்ளையாரை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். காவல் ஆய்வாளரிடம் வாய்மொழியாகக் கேட்டு எடுத்துவராதீர்கள். வழக்குச் சொத்தாக உள்ள வாகனத்திலிருந்து எதையும் அப்படி எடுக்கக் கூடாது. வழக்கு முடிந்து வாகனத்தின் கதி முடிவாகும்போது உங்கள் வழக்கறிஞர் மூலம் அதைக் கேட்டுப் பெற வழியுண்டு.

அடுத்த விசாரணைக்கு முன்

அழைப்பாணையில் உள்ள தேதிக்கு முன்பாகவே, மோட்டார் விபத்து வழக்குகளில் பழக்கமுள்ள, அந்த நீதிமன்ற எல்லைக்குள் பணிபுரியும் ஒரு வழக்கறிஞரிடம் வக்காலத்துக் கொடுத்துவிடுங்கள். மூல ஒப்பந்தம், 55,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் வரவானதற்கான பக்கம், கடைக்காரரோடு நடந்த குறுஞ்செய்திகள் ஏதேனும் இருந்தால் அவை, முதல் தகவல் அறிக்கையின் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். 2014-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் காருக்காக நீங்கள் எந்தக் காகிதத்திலாவது கையெழுத்திட்டிருந்தால் அதையும் ஒன்று விடாமல் பட்டியலிடுங்கள். பதிவு அலுவலகத்துக்கும் இப்போதாவது விற்பனை விவரத்தைப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். நடந்த விபத்துக்கான பொறுப்பிலிருந்து அது உங்களை விடுவிக்காது. என்றாலும் உங்கள் நிலைப்பாட்டை ஆவணப்படுத்தும். தீர்ப்பு பாதகமாக வந்தால், 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதை முதலில் செலுத்த வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களும் தாங்கள் விற்ற பழைய வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடுவது நல்லது. இனி விற்பவர்களுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது: 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை இணையத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

இறந்தவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, கையில் இருக்கும் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு வரலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் காரை ஓட்டவில்லை. இருந்தும் அப்படித் தோன்றியிருக்கிறது என்பதை மதிக்கிறேன். ஆனால் தனியாகப் போகாதீர்கள். வழக்கு நடக்கும்போது நேரில் போய்ப் பணம் கொடுப்பது, வழக்கைக் கைவிடச் சொல்லி அழுத்துவதாக அவர்களுக்குத் தோன்றலாம். உங்கள் பெயரிலும் தவறான பொருள் ஏறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்துக்கு இந்த வழக்கை அனுப்பும்படி இரு தரப்பும் கேட்கலாம். கடைக்காரரையும் அடுத்தவரையும் வழக்கில் சேர்த்த பிறகு அங்கே உட்கார்ந்து பேசினால், மூவரும் பங்கிட்டு ஒரு தொகையைத் தவணைகளில் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு வர வாய்ப்புண்டு. அந்தக் குழந்தைகளுக்கும் பல ஆண்டுகள் காத்திருக்காமல் பணம் போய்ச் சேரும். உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைச் சொல்லுங்கள்; எதிருரை தாக்கலான அடுத்த வாய்தாவிலேயே அவர் அந்தக் கோரிக்கையை வைக்கட்டும்.